சாமான் அறையை நான்கே நாளில் காலி செய்யாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்குகிறது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் ஊர்வீட்டுக்கு வருவார்கள். வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு எழுபத்தைந்து ஆகிவிட்டது, மாடிப்படி ஏற முடியவில்லை, இனிச் சென்னைக்கே கூட்டிப்போய்விடலாம் என்று பேச்சு எழும். உடனே இரட்டை வீட்டை, அதாவது தம் பங்குக்குரிய சாமான் அறையைத் திறந்து அத்தனையையும் வளவில் (உள்முற்றத்தில்) கொண்டுவந்து போட்டு, பழைய சாமான் வியாபாரியை வரச்சொல்லி, "மொத்தமா என்ன தருவீங்க?" என்று கேட்பார்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் விடுமுறைதோறும் நடப்பது இதுதான். போவது பணம் மட்டும் என்றால் இந்தக் கடிதம் தேவையில்லை. எந்தத் தவலை யார் கொண்டுவந்த சீர், எந்தப் படத்தில் நிற்பது யார் என்று சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒரே ஒருவர். அவரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் காலி செய்கிறார்கள்.

சாமானைப் பிரிப்பதை வயதானவரே, தெம்பும் நினைவும் இருக்கும்போதே, ஒரு வருஷ அவகாசம் வைத்துத் தம் வாயால் சொல்லிச் செய்ய வேண்டும். இளையவர்கள் தூக்கவும் எழுதவும் உடனிருந்தால் போதும். எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எது தம்முடையது, எது பொது என்று தெளிய வேண்டும். ஊர்வீடு பங்காளிகள் பலருக்கும் உரியது. முகப்பு, வளவு, பட்டாலை, அங்கே மாட்டியிருக்கும் படங்கள், பெல்ஜியம் கண்ணாடி, ஊஞ்சல், நிலைக்கதவு இவையெல்லாம் பொது. பங்காளிகள் எல்லோரும் எழுத்தில் சம்மதிக்காமல் இவற்றில் ஒன்றையும் விற்கவோ எடுத்துப்போகவோ கூடாது. வழக்குக்குப் போகும் வீடுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குரிய பேழையும் அதிலுள்ள துணிகளும் பிரிக்கிற கணக்கிலேயே வராது. தம் இரட்டை வீட்டுக்குள் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரு நீளக் குறிப்பேடு வாங்கி ஐந்து கட்டம் போடுங்கள்: எண், பொருளும் அளவும், வெட்டியிருக்கும் எழுத்து, யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போகிறது. ஒவ்வொரு பொருளிலும் எண் எழுதிய பருத்தி நாடாத் துண்டைக் கட்டுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், அதன் பசை மரவையின் (அரக்குப் பூசிய மரப் பாத்திரத்தின்) அரக்கையும் வெள்ளியையும் கெடுத்துவிடும். பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்துக் கைபேசியில் படம் எடுங்கள். காலையில் இரண்டு மணி நேரம், ஒரு நாளைக்கு ஓர் அலமாரி அல்லது ஒரு பெட்டகம், அதற்கு மேல் வேண்டாம். பரணில் இருப்பதை இளையவர் இறக்கட்டும், பெரியவர் ஏணிப் பக்கமே போகக் கூடாது. பல வருஷம் பூட்டிக் கிடந்த அறை என்றால் முதல் நாள் கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் நுழைவது நல்லது. எலிப் புழுக்கையும் வௌவால் எச்சமும் இருக்கும், முகக்கவசம் இல்லாமல் கூட்டாதீர்கள். உலர்ந்த எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே அள்ள வேண்டும்.

பாத்திரத்தில் வெட்டிய எழுத்துத்தான் செட்டிநாட்டு வீடுகளின் முகவரி. விளிம்புக்குக் கீழே விலாச எழுத்து (குடும்பப் பெயர்களின் முதலெழுத்து) இரண்டோ மூன்றோ இருக்கும். தேய்ந்துபோயிருந்தால் கொஞ்சம் திருநீறைத் தடவித் துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், எழுத்து எழும்பித் தெரியும். அதைப் படிக்கும் முன் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்து இன்னும் மங்கும். ஒரே வீட்டில் அப்பத்தா எழுத்தும் ஆயா (தாய்வழிப் பாட்டி) எழுத்தும் கலந்து கிடக்கும். எது எந்த வழியில் வந்தது என்று பெரியவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். சீர் எழுதிய பழைய சிட்டை கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். போட்டோப் பெட்டியை முதலில் திறந்தால் அன்றைய பொழுது அதோடு சரி, மனசும் கனத்துவிடும், மறுநாள் யாரும் அறைக்குள் வரமாட்டார்கள். மெத்தை, தலையணை, பிளாஸ்டிக், பெயர் வெட்டாத எவர்சில்வர் இவற்றில் தொடங்குங்கள். கொடுப்பதற்குக் கை பழகும். அடுத்துப் பித்தளை, வெண்கலம், பிறகு பீங்கான், எனாமல், மரச்சாமான், பிறகு துணிமணி. காகிதமும் படமும் கடைசி.

உலோகத்தில் அதிகம் ஏமாறுவது வெண்கலத்தைப் பித்தளை விலைக்குப் போடுவதில்தான். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. வெண்கல உருளியைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து விரலால் தட்டினால் ஓசை நீண்டு அடங்கும். பித்தளையின் ஒலி சட்டென்று நின்றுவிடும். எடைக்கு எடை வெண்கலத்துக்கு விலை கூடுதல், ஆனால் கீழே போட்டால் விரிசல் விடும், விரிசல் விட்டதை ஒட்டுப்போட்டுச் சமையலுக்கு எடுக்க முடியாது. எடைக்குப் போடுவதாக இருந்தால் உடைந்ததையும் ஓட்டையானதையும் மட்டும் போடுங்கள். முழுசாக இருக்கும் அண்டா, தவலை, அடுக்குத் தூக்கு, குத்துவிளக்கு இவற்றுக்கு எடை விலையைவிடப் பொருள் விலை அதிகம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அதே பொருள் என்ன விலைக்கு இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தால் கணக்குப் புரியும். வியாபாரி அந்த விலை தரமாட்டார், அவருக்கும் வாடகை, கூலி, காத்திருப்பு உண்டு. ஆனால் உருப்படி உருப்படியாக விலை சொல்லச் சொல்லுங்கள், இரண்டு பேரிடம் கேளுங்கள், முதல் நாளே கொடுக்காதீர்கள். அறைக்கு மொத்த விலை என்று பேசினால் அந்தக் குவியலுக்குள் இருக்கும் நாலைந்து நல்ல பொருளுக்குத்தான் அவர் விலை போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயச்சொம்பு பற்றி ஒரு வார்த்தை. பழைய ஈயச்சொம்பு சுத்த வெள்ளீயமா, நஞ்சான காரீயம் கலந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பேரப்பிள்ளைக்கு ரசம் வைக்கக் கொடுத்தனுப்பாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும் என்பதால், பழக்கமில்லாதவர் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி போய்விடும்.

வெள்ளியை வீட்டிலேயே மின்னணுத் தராசில் எடை போட்டுக் குறிப்பேட்டில் எழுதிய பிறகு கடைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே அரக்கு அடைத்த கைப்பிடி, பொம்மை, விளக்குத் தண்டு ஆகியவற்றில் எடையில் ஒரு பகுதி அரக்குத்தான், அதைக் கழித்தே விலை வரும். இது தெரியாமல் கடையில் போய்ச் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. உருக்கக் கொடுப்பதற்கு முன் எழுத்தைப் படம் எடுத்துவிடுங்கள்.

சுவீடன், ஜப்பான் எனாமல் சாமான்கள் நம் வீடுகளுக்கே உரிய சொத்து. முன்னோர் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போன நாடுகளிலிருந்து கப்பலில் வந்தவை. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பூச்சைச் சுட்டு ஏற்றியதுதான் எனாமல். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தால் அங்கே துரு ஏறி, பக்கத்துப் பூச்சையும் தூக்கிவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும்போது இடையில் பழைய வேட்டித் துண்டு வையுங்கள். அடியில் இருக்கும் முத்திரையைப் படம் எடுங்கள், விலை அதைப் பொறுத்தும் மாறும். பழைய சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறப் பூச்சுகளில் காட்மியமும் காரீயமும் இருக்கக்கூடும் என்பதால் புளி, தயிர், ஊறுகாய் எதையும் அதில் வைக்காதீர்கள்.

மரவையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவதும், கழுவியதை வெயிலில் காயவைப்பதும் அதைக் கொல்லும் இரண்டு வழிகள். உலர்ந்த துணி போதும். மரத்தில் குண்டூசித் தலை அளவு துளைகளும் கீழே புதிதாகப் பொடியும் தெரிந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சாமானைத் தனியாக வையுங்கள். தெரியாமல் சென்னைக்கு ஏற்றிவிட்டால் அந்த வீட்டு அலமாரிக்கும் பரவும். பனையோலைக் கொட்டான்கள் பூச்சி அரித்திருந்தால் தூக்கிப்போட மனசு வராது. நல்லதாக இரண்டு வைத்துக்கொண்டு மற்றதைப் படம் எடுத்துவிட்டு விடுங்கள். கொட்டான் பின்னுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய கொட்டானில் அபூர்வமான பின்னல் தெரிந்தால் அவர்களிடம் காட்டுவது குப்பையில் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

பட்டுச்சேலை மடிப்பில்தான் கிழியும். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்ததைச் சட்டென்று உதறினால் ஜரிகை ஓடிய இடம் விட்டுவிடும். கட்டிலில் விரித்து, மெல்லப் பிரித்து, மடிப்பை மாற்றி, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். பாலித்தீன் உறை வேண்டாம், ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பூக்கும். நாப்தலின் உருண்டை ஜரிகையில் படக்கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைத்தால் போதும். பழைய அசல் ஜரிகை வெள்ளி இழைமேல் தங்க முலாம் ஏற்றியது, அதற்காகவே தெருவில் வந்து சேலை வாங்குவார்கள். கொடுப்பதென்றால் கொடுங்கள், முந்தானையை மட்டும் ஒரு முழம் வெட்டி வைத்துக்கொள்வது நல்ல யோசனை. கண்டாங்கியை வெட்ட வேண்டாம். கட்டிக்கொள்ளும் நிலையில் இருந்தால் பேத்திகள் கட்டட்டும். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதன்மேல் இளையவர்களுக்கு ஆசை கூடியிருக்கிறது.

இனிக் காகிதம். வீட்டைக் காலி செய்பவர்கள் முதலில் பழைய பேப்பர்க்காரரிடம் போடுவது இதைத்தான், என்னைக் கேட்டால் அந்த வீட்டிலேயே விலை மதிக்க முடியாதது இதுதான். ரங்கூன், மோல்மேன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கிட்டங்கி (வியாபாரக் கூடம்) வைத்து நடத்திய கொடுக்கல் வாங்கலின் பேரேடு, ஐந்தொகை, கடிதக் கட்டு, பணம் மாற்றும் உண்டியல் தாள் எல்லாம் இன்னும் பெட்டகங்களில் இருக்கின்றன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். 1948இல் அங்கே நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்து நிலமும் போனது. எஞ்சியது இந்த ஏடுகள்தான். எழுதியவரின் பேரனுக்கு அவை குப்பையாகத் தெரியலாம், பர்மாவின் பொருளாதார வரலாற்றை எழுதுகிறவருக்கு அப்படி அல்ல.

காகிதத்தை மூன்றாகப் பிரியுங்கள். பத்திரம், பட்டா, பங்குப் பிரிவினை, இசைகுடிமானம் என்ற திருமணப் பதிவு, வங்கித் தாள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில். கணக்கேடு, வியாபாரக் கடிதம், அச்சிட்ட பழைய புத்தகம், திருமண அழைப்பிதழ், கோவில் நோட்டீஸ், ஓலைச்சுவடி இவை இரண்டாவது. மூன்றாவது, கணவன் மனைவி, தாய் மகள் எழுதிக்கொண்ட அந்தரங்கக் கடிதங்கள். இந்த மூன்றாவதை என்ன செய்வது என்பது அவற்றின் உரியவர் ஒருவரின் முடிவு. அவர் கிழித்துப் போட நினைத்தால், யாரும் பிரித்துப் படிக்காமல் கிழித்துப் போட உதவுங்கள். வரலாறு, ஆவணம் என்று சொல்லி அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது குவியலை யாரிடம் கொடுப்பது? கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்த பின் சிதறிப்போகாமல், 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. துண்டு நோட்டீஸைக்கூட அவர் விடவில்லை. அந்த நூலகம், தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகாலும், சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், மின்னூலகம் நடத்தும் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகிய இவர்களுக்கு எழுதிக் கேட்கலாம். மூட்டை கட்டி அனுப்பிவிடாதீர்கள். முதலில் பட்டியலும் பத்துப் பக்கப் படமும் அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள அவர்களுக்கும் இடம் இருக்காது. கொடுப்பது மூலத்தையா, ஸ்கேன் செய்துகொள்ளும் அனுமதியை மட்டுமா என்று எழுத்தில் தெளிவுபடுத்துங்கள்.

ஓலைச்சுவடியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, அகலமான துணிநாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். ஒட்டிக்கொண்ட ஓலைகளை நகத்தால் பிரித்தால் எழுத்தோடு பெயர்ந்து வரும், அதை நிபுணர்களுக்கு விட்டுவிடுங்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதும் அவர்கள் பார்த்துச் செய்ய வேண்டியதுதான்.

புகைப்படத்தில் முதல் வேலை பெயர். பெரியவர் சொல்லச் சொல்ல, இடமிருந்து வலமாக, உட்கார்ந்திருப்பவர், நிற்பவர் என்று வரிசையாக எழுதுங்கள். பழைய தாள் படமென்றால் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விழச் செய்யும். வழவழப்பான வண்ணப் படத்தில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறைமேல் எழுதுங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்காதீர்கள். அப்படியே கண்ணாடியோடு, வெளிச்சம் பிரதிபலிக்காத கோணத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். ஸ்கேன் 600 டி.பி.ஐ.க்குக் குறைய வேண்டாம். பிரதி இரண்டு, வேறு வேறு ஊரில். பிலிம் சுருளில் காடி வாசம் அடித்தால் அது சிதைந்துகொண்டிருக்கிறது, மற்றவற்றிலிருந்து பிரித்து அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். கல்யாண வீடியோ கேசட்டும் அப்படித்தான், ஓட்டிக்காட்டும் கருவி கிடைப்பதே அரிதாகிவருகிறது. வெள்ளைப் பூஞ்சை தெரிந்த கேசட்டைக் கருவியில் போட்டால் கருவியும் கெடும், நாடாவும் அறும்.

சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இரண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவையும், எழுபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று மதிப்புள்ள சுவடிகளும் தொல்பொருள்கள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. கொள்ளுத்தாத்தா காலத்துத் தஞ்சாவூர்ப் படத்தைச் சிங்கப்பூர் மகளுக்கு என்று பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் குற்றவாளியாக நிற்பது அந்த மகள்தான். சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிய பிறகே அனுப்புங்கள். அடுத்தது யானைத் தந்தம், புலித்தோல், மான் கொம்பு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை விற்கவோ வாங்கவோ கூடாது. உரிமைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு வனத்துறையிடம் போங்கள். ரகசியமாகக் கைமாற்றினால் வாங்கியவரும் சேர்ந்து சிக்குவார்.

யாருக்கு எது என்பதை வாட்ஸ்அப்பில் படத்தோடும் எண்ணோடும் அனுப்பி, ஆளுக்கு மூன்று கேளுங்கள் என்று ஒரு தேதி வையுங்கள். தாய் கொண்டுவந்த சீர் மகளுக்கு என்ற வழக்கத்தை மகன்கள் முன்பாகவே சொல்லிவிடுவது நல்லது. ஒரே பொருளை இரண்டு பேர் கேட்டால் திருவுளச்சீட்டுப் போடுங்கள், பாகப்பிரிவினையில் நம் பெரியவர்கள் செய்ததுதான். யாருமே கேட்காத பொருளை "நீ வச்சுக்கோ" என்று யார் தலையிலும் கட்டாதீர்கள். பெரிய அண்டாக்களை அன்னதானக் கூடமோ நகரத்தார் (செட்டியார் சமூக) விடுதியோ மாணவர் விடுதியோ வாங்கிக்கொள்ளும், முன்கூட்டியே கேட்டுவிட்டு அனுப்புங்கள். அசையும் பொருளைத் தானமாகக் கையில் கொடுத்துவிட்டாலே சட்டப்படி செல்லும். தம் காலத்துக்குப் பிறகு என்றால்தான் உயில் வேண்டும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பொருள் பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது வம்பைத் தவிர்க்கும். குறிப்பேட்டின் எண்களை உயிலில் சேர்த்துவிட்டால் "அந்தப் பெரிய உருளி" எது என்ற சண்டை வராது.

ஃபிளாட்டுக்குப் பெரியவர் கொண்டுபோவது குறைவாகத்தான் இருக்க முடியும். ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, ஒரு உருளி, ஒரு தூக்கு, ஒரு மரவைச் செட், நாலு சேலை, ஒரு ஆல்பம். பெட்டகத்தைக் கொண்டுபோக ஆசைப்பட்டால் லிஃப்ட் கதவின் அகலத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். எதை வைத்துக்கொள்வது என்று அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்கு வேண்டியது ஓட்டைத் தம்ளர் ஒன்றாக இருந்தாலும் அதுதான் போக வேண்டும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டின் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றிப் பேசுகிறோம், உள்ளே இருக்கும் ஏட்டையும் படத்தையும் யாரும் கணக்கெடுக்கவில்லை. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, சிவகங்கையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த மே மாதம், ஊரார் வந்திருக்கும் நாட்களில், காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் முகாம் நடத்த அவர்கள் முன்வர வேண்டும். இரண்டு ஸ்கேனர், நான்கு மாணவர்கள், தொல்பொருள் எது என்று சொல்லத் தெரிந்த ஓர் அலுவலர் இருந்தால் போதும். காகிதத்தைக் கொண்டுவந்தவர் அன்றே மூலத்தைத் திரும்ப எடுத்துப்போகலாம் என்று அறிவித்தால் தயக்கமின்றி வருவார்கள். தங்கள் நாளிதழும் ஞாயிறுதோறும் அடையாளம் தெரியாத பழைய படம் ஒன்றை வெளியிட்டு, "இவர்களைத் தெரியுமா?" என்று வாசகர்களைக் கேட்கலாம். பெயர் சொல்லக்கூடிய எண்பது வயதுக்காரர்கள் இன்னும் காலையில் பேப்பர் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி